மார்கழியில் முதல் சவாரி

கண்ணம்மை ஆச்சி என் தையல் கடைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்ததும், காரை எங்கேயோ இடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நெற்றியெல்லாம் வியர்வை, கையில் நேற்று வாங்கிய புதுக் கைப்பேசி. நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“லைன் இருக்கு சலேஹா. நெட்டு இல்ல. இவுக ஜெயிச்சிருவாக போல.”

இவுக என்றால் முத்துவீரப்பன் அண்ணன், ஆச்சியின் கணவர். அவர் ஜெயித்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். இன்று பிற்பகல், கடலுக்கு அந்தக் கரையில் இருக்கும் மாக் மண்டினிலிருந்து ஒருவர் ஃபெரி ஏறி வருவார். ஆச்சியின் வெள்ளை மைவி காரைப் பார்ப்பார். பிடித்திருந்தால் அதையே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் ஆச்சி ஒரே ஒரு பயணியையாவது ஏற்றி இறக்கிவிட்டால் கார் வீட்டிலேயே நிற்கும். புருஷன் பெண்டாட்டிக்குள் இதுதான் பந்தயம்.

ஆச்சி பிறந்தது நிபோங் திபாலில். அவர் அப்பாவுக்கு, அவர் வாயில் அப்பச்சிக்கு, அங்கே மளிகைக் கடை. கல்யாணம் ஆகிப் பினாங்குத் தீவுக்கு வந்தார்; தண்ணீர்மலைப் பக்கம் குடித்தனம், அண்ணனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. கோயிலோ பசாரோ கல்யாண வீடோ, எங்கே போனாலும் அண்ணன் ஓட்டுவார், ஆச்சி இடப்பக்கம் உட்காருவார். ஜார்ஜ் டவுனின் சந்துபொந்தெல்லாம் ஆச்சிக்கு மனப்பாடம்தான், ஆனால் எல்லாமே இடப்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தவை. அண்ணனின் கண் மங்கி, இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், ஐம்பதைத் தாண்டிய ஆச்சி ‘எல்’ ஒட்டிய காரில் ஏறினார். மேட்டில் நிறுத்தி எடுக்கும் பரீட்சையில் இரண்டு தடவை பின்னாலேயே உருண்டு போனார். மூன்றாம் தடவை தேறினார். தேறிய கையோடு என் கடைக்கு வந்து, “வலப்பக்கம் உக்காந்து பாத்தா ஊரே வேறயா இருக்கு சலேஹா” என்றார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கே ஓட்டிப் பார்க்க ஆசை வந்தது.

ஓட்டுவது அவருக்கு ருசித்துவிட்டது. கோயிலுக்கும் பசாருக்கும் மட்டும் போய் வந்தால் போதவில்லை. கைப்பேசியில் கூப்பிடுகிறவர்களை ஏற்றிப் போகும் வாடகைச் சவாரிக்குத் தனி லைசன்ஸ் வேண்டும், அதற்கு வகுப்புக்குப் போனார். உடல் பரிசோதனை முடித்தார். ஒரு சவாரிக் கம்பெனியில் பெயரும் பதிந்தார். அண்ணனுக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. செட்டியார் வீட்டு ஆச்சி கண்டவர்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவதா என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்று நேராகச் சொன்னால் ஆச்சி கேட்க மாட்டார், அது அவருக்கும் தெரியும். அதனால்தான் பந்தயம் கட்டினார். அதையும் மார்கழி பிறந்த பிறகு கட்டினார் பாருங்கள், அங்கே இருக்கிறது மனிதரின் மூளை.

மார்கழி சாமிக்கு உரிய மாதம். அவர்கள் வீட்டில் புதிதாக எதையும் அந்த மாதத்தில் தொடங்க மாட்டார்கள். ஆச்சி, தலை போனாலும் தொடங்க மாட்டார். “மார்கழியில காடிய மட்டும் விக்கலாமாண்ணே?” என்று நானே அண்ணனிடம் கேட்டேன். காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். “விக்கிறது முடிவும்மா. முடிக்கிறதுக்கு மாசம் தடையில்ல” என்றார். இப்படிப் பேசுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது?

அப்படியிருக்க, நேற்று ஆச்சி வந்து என் கடைக்கு இரண்டு கடை தள்ளி இருக்கும் ஃபிக்ரியிடம் புதுக் கைப்பேசி வாங்கினார். பழையது சவாரிச் செயலியைத் தாங்காது. ஃபிக்ரி எல்லாவற்றையும் ஏற்றி, ஓட வைத்துக் கொடுத்தான். “மார்கழியாச்சே ஆச்சி?” என்று கேட்டேன். “அதுக்கு நான் வழி வச்சிருக்கேன்” என்று மட்டும் சொன்னார். கோயிலில் ஏதாவது நேர்ந்துகொண்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். நான் முஸ்லிம் வீட்டுப் பெண், அவர்கள் பஞ்சாங்கத்துக்குள் மூக்கை நுழைப்பதில்லை.

இன்று காலை தண்ணீர்மலை முருகன் கோயிலில் காருக்கு மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, செயலியைத் தொட்டிருக்கிறார். ‘இணைப்பு இல்லை, மீண்டும் முயலவும்.’ ஓட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தும் அதேதான்.

“நேத்து ஃபிக்ரி கடையில நல்லாத்தானே ஓடுச்சு?” என்றார் ஆச்சி.

“அங்க வைஃபை ஆச்சி. வெளிய வந்தா சிம் கார்டோட டேட்டாவுல ஓடணும். அதுதான் ஓடல. குடுங்க இப்படி.”

எங்கள் குடும்பத்தில் யாருடைய கைப்பேசி மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வரும். அந்தத் திமிரோடு வாங்கினேன். டேட்டா சுவிட்ச் போட்டுத்தான் இருந்தது. விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தேன். மேலே கோடுகள் நிறைய நின்றன, பக்கத்தில் நாலு ஜி என்றும் வந்தது. செயலி மட்டும் அதே பல்லவி. அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே. இணையத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்கலாமே என்று தட்டினால், சிவப்பு முக்கோணம் ஒன்று வந்து நின்று, கீழே ஏதேதோ எழுத்து. வைரஸோ என்று பயந்து, படிக்காமலேயே மூடினேன்.

“என்னம்மா சிவப்பா வருது?”

“ஒண்ணுமில்ல ஆச்சி, அது கெடக்கு.”

அடுத்து ஏ.பி.என். சிம் கம்பெனியின் இணைய வாசலுக்குப் பெயர் அது. அந்தப் பெயர் தப்பாக இருந்தால் டேட்டா ஓடாது. என் கைப்பேசியில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, சரியான பெயரைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக ஆச்சியை வாசிக்கச் சொல்லி அடித்தேன். சேமித்தேன். செயலியைத் திறந்தேன். ‘இணைப்பு இல்லை.’

“சிம்தான் கெட்டுப்போச்சு” என்று முடிவு கட்டினேன். தையல் ஊசியால் சிம்மைக் கழற்றி என் கைப்பேசியில் போட்டேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்படியென்றால் சிம்மில் குறையில்லை, டேட்டாவும் இருக்கிறது. சரி, ஆச்சியின் கைப்பேசிக்கு என் இணையத்தைப் பகிர்ந்து கொடுத்தால்? ஹாட்ஸ்பாட் போட்டேன். அதுவும் பிடித்துக்கொண்டது. செயலியைத் தொட்டால், இணைப்பு இல்லை. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. சிம் நல்ல சிம், நெட்டு நல்ல நெட்டு, கைப்பேசி நேற்று பிறந்தது. மூன்றும் தனித்தனியே நல்லவர்கள், சேர்த்து வைத்தால் பேசிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

சிம்மைத் திரும்பப் போட்டதுதான் தாமதம், அந்தப் பாழாய்ப்போன கைப்பேசி கணீரென்று அடித்தது. கூப்பிட்டால் மட்டும் நன்றாக வருகிறது. அண்ணன்தான். ஆச்சி ஒலிபெருக்கியில் போட்டார்.

“மாக் மண்டின்காரர் ஃபெரி ஏறிட்டாராம். நீ காடிய வீட்டுக்குக் கொண்டாந்துரு. தொடச்சு வைக்கணும்.”

“இன்னும் நேரமிருக்கு” என்றார் ஆச்சி.

“நேரம் இருக்கு. மாசம் இல்லையே” என்று சொல்லி வைத்துவிட்டார். சிரித்த சத்தம் கேட்டது.

ஆச்சியின் கண் கலங்கியதைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் எனக்கு அது ஒரு புதிர் மாதிரி இருந்தது, அவிழ்த்துக் காட்ட வேண்டும் என்ற வெறி மட்டும்தான். இப்போது அந்த வெறி போய்விட்டது. பாதி தைத்த ரவிக்கையை மேசையில் போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஃபிக்ரியின் கடைக்கு ஓடினேன்.

ஃபிக்ரி நல்ல பையன்தான், கல்யாணம் ஆகிப் பிள்ளையும் இருக்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் நாலு பேருடன் பேசுவான். ஒருவருக்குக் கண்ணாடித் தகடு ஒட்டிக்கொண்டே நான் செய்ததையெல்லாம் கேட்டான்.

“எல்லாம் பாத்துட்டீங்களேக்கா. அப்ப செட்டுக்குள்ளதான் ஏதோ சிக்கல். எல்லாத்தையும் அழிச்சு, மொதல்லேர்ந்து ஏத்திடலாம். படம் கிடம் இருந்தா எடுத்து வச்சுக்குங்க, போயிடும்.”

“எவ்வளவு நேரமாகும் தம்பி?”

“மறுபடியும் கம்பெனி உங்கள உறுதி பண்ணணும்லா ஆச்சி. நாளைக்கு ஆயிடும்.”

நாளைக்குக் கார் மாக் மண்டினில் நிற்கும்.  “காலைல கோயில்ல காடியோட எடுத்த படம் ஒண்ணு இருக்கு. அது மட்டும் போயிடக் கூடாது” என்றார் ஆச்சி. அந்தக் குரலைக் கேட்டதும், காரை மனதுக்குள் விற்றுவிட்டார் என்று தெரிந்தது. புளூடூத்தில் அந்தப் படத்தை என் கைப்பேசிக்கு அனுப்பினேன். வந்துவிட்டது என்று மணியும் அடித்தது. படங்களைத் திறந்தால் முதலில் நேற்று நான் எடுத்த துணி மாதிரிப் படங்கள்தான். ஆச்சியின் படத்தைக் காணோம். கீழே தள்ளினேன். தீபாவளி விற்பனை போயிற்று, பள்ளி விடுமுறை போயிற்று, தள்ளிக்கொண்டே போனால், எங்கள் பெருநாள் விருந்துப் படங்களை ஒட்டினாற்போல் மாலை போட்ட மைவி நிற்கிறது. மேலே தேதி: ஏப்ரல் 30.

“ஆச்சி, இந்த எலுமிச்சம்பழத்த இன்னிக்குக் காலைலதானே நசுக்குனீங்க?”

“ஆமா.”

“அப்ப ஏன் ஏப்ரல்னு வருது?”

ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. கடைக்கு வெளியே பார்த்தார். திருட்டுப் பால் குடித்த பூனை கூட அவ்வளவு அப்பாவியாக நிற்காது.

“இந்த வருசத்து அட்சய திருதியை” என்றார் மெதுவாக. “அன்னைக்குத் தொடங்குனது தேயாது, வளரும். மார்கழியில தொடங்கக் கூடாதுல்ல. அதான் ராத்திரியே போன்ல தேதிய அன்னைக்கு மாத்தி வச்சேன். போனுக்குள்ளதானே சவாரி தொடங்குது? போனுக்கு நல்ல நாளா இருந்தா போதும்னு...”

ஃபிக்ரி கண்ணாடித் தகட்டைக் கீழே வைத்தான். கடையில் நின்ற வாடிக்கையாளரும் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான். ஆச்சி எப்போதும் பூட்டைத் திறந்துதான் கைப்பேசியைக் கையில் கொடுப்பார். முகப்புத் திரையில் முருகன் படமும் நேரமும் மட்டும் இருக்கும். தேதி யார் கண்ணிலும் படவில்லை.

“அக்கா, இதான் விசயம்” என்றான் ஃபிக்ரி. அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “நெட்டுல அந்தப் பக்கம் இருக்கிற ஒவ்வொண்ணும் தன்னோட அடையாளச் சீட்டக் காட்டும். அதுல இந்தத் தேதியிலேர்ந்து செல்லும்னு போட்டிருக்கும். ஆச்சி போனுக்கு இன்னும் ஏப்ரல். வர்ற சீட்டெல்லாம் அதோட கணக்குல இனிமே எழுதப்போற சீட்டு. பொய்ச் சீட்டுன்னு நெனச்சு எல்லாரையும் வெரட்டுது. டேட்டா சரியா இருந்தாலும் யாரையும் உள்ள விடாது. தேதிய இன்னிக்கு மாத்துனா போதும். ஒரு தட்டுதான்.”

ஒரு தட்டு. அவன் விரல் அதன் மேல் போனது. ஆச்சி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் தம்பி. இரு.”

“ஆச்சி!”

“எங்க அப்பச்சி மார்கழியில ரெண்டாவது கடை தொறந்தாக சலேஹா. ஆத்தா எவ்வளவோ சொன்னா. ஒரே வருசம், ரெண்டு கடையும் போச்சு. நாங்க வாடகை வீட்டுக்கு வந்தோம். நான் அந்த மாதிரி தொடங்க மாட்டேன்.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “நீங்க தேதிய மாத்துனா மாசம் மாறிடுமா? முருகன் உங்க போனப் பாத்துத்தான் என்ன நாள்னு தெரிஞ்சுக்குவாரா? காலைல அவர் முன்னாடி நின்னு பழம் நசுக்குனீங்களே, அவருக்கு ஏப்ரல்னு சொன்னீங்களா, டிசம்பர்னு சொன்னீங்களா?”

கத்திவிட்டேன். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமி விசயத்தில் வாயை விட்டுவிட்டேனே என்று எனக்குள் பகீரென்றது. அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

“அவர் மலை மேல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பாரு. என்னைப் பத்தி என்ன நெனச்சாரோ.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்பச்சி கடை மார்கழியால போகல சலேஹா. கடன் குடுத்து ஏமாந்தாக. எனக்கும் அது தெரியும். ஆத்தா சொல்லிச் சொல்லியே எனக்குப் பயம் வந்திருச்சு. குடு தம்பி. நான்தான் மாத்துனேன், நானே மாத்துறேன்.”

அமைப்புகளுக்குள் போய், தானியங்கித் தேதி என்ற இடத்தைத் தொட்டார். ஏப்ரல் போய் டிசம்பர் வந்தது. செயலியைத் திறந்தார். வரைபடம் விரிந்தது. பினாங்குத் தெரு, சந்து, கடல், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பச்சைப் பட்டையைத் தள்ளினார். ‘நீங்கள் இணைப்பில் உள்ளீர்கள்’ என்று வந்ததும் நான் துள்ளிக் குதித்தேன். ஃபிக்ரி கை தட்டினான். அந்த வாடிக்கையாளரும் என்னவென்று தெரியாமலேயே தட்டினார்.

நாங்கள் கை தட்டி முடிக்கவில்லை, கைப்பேசி கூவியது. பக்கத்தில், ஃபெரி வந்து நிற்கும் ஜெட்டித் துறையில் ஒரு பயணி. ஃபெரி வந்திருக்கும். பெயர் நாகூர் மீரான். ஆச்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கும் இடத்தை வாசித்தார். வாசித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“சலேஹா, இது எங்க வீடு.”

நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர்மலைப் பக்கத்து ரோடு, ஆச்சி வீட்டு எண். மாக் மண்டினிலிருந்து காரை வாங்க வருகிறவர் தன் காரிலா வருவார்? வாங்கிய காரை ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டுமே. திரையில் வட்டம் ஒன்று தேய்ந்துகொண்டே வந்தது. அது முடிவதற்குள் ஏற்காவிட்டால் சவாரி வேறு ஆளுக்குப் போய்விடும்.

“என் காடிய வாங்க வர்றவர நானே கூட்டிட்டுப் போறதா?”

“தொடுங்க ஆச்சி.”

தொட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்கு நடந்தார். நடக்கவில்லை, ஓடினார். நான் இடப்பக்கக் கதவைத் திறந்தேன்.

“நீ ஏறாத. பயணி இருக்கும்போது வேற ஆள் கூட இருக்கக் கூடாது. வகுப்புல சொன்னாங்க.”

காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு இந்த மரியாதை. வந்த ஆத்திரத்தில் கடையைச் சாத்திவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஜெட்டிக்கு வெளியே கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் பின்னிருக்கையில் ஏறுவதைப் பார்த்தேன். அதன் பிறகு வழி நெடுக ஆச்சி என்னைச் சோதித்தார். ஒரு மஞ்சள் விளக்கைக்கூடத் தாண்டவில்லை. வளைவுக்கு முன்பே சிக்னல் போட்டார். முந்திப் போகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டார். “மிதிங்க ஆச்சி” என்று தலைக்கவசத்துக்குள் நான் கத்தியது எனக்கு மட்டும்தான் கேட்டது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. முன்னால் போவது என் சிநேகிதி, பின்னால் உட்கார்ந்திருப்பது உண்மையான பயணி. ரோட்டில் போகும் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

முத்துவீரப்பன் அண்ணன் கேட்டைத் திறந்து வைத்து, காரின் உரிமைப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் பிடித்தபடி நின்றார். கார் வந்து நின்றது. பின்கதவு திறந்து நாகூர் மீரான் இறங்கினார்.

“முத்துவீரப்பன் அண்ணந்தானே? மாக் மண்டின்லேர்ந்து வரேன். காடி எங்கண்ணே?”

அண்ணன் அவரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆச்சியைப் பார்த்தார்.

“இதுதான் தம்பி” என்றார்.

“இதா? இதுலதானேண்ணே வந்தேன்.”

ஆச்சி கண்ணாடியை இறக்கினார். “ஒரு சவாரி ஆச்சு” என்றார். குரல் உயரவில்லை.

“மார்கழியாச்சே” என்றார் அண்ணன். கேலி இல்லை. நிஜமாகவே திகைத்துப் போயிருந்தார்.

“மார்கழிதான். தெரிஞ்சுதான் ஏறுனேன்.”

அதற்குள் கைப்பேசி மறுபடியும் கூவியது. பொட்டானிக் கார்டன் வாசலில் யாரோ நின்றார்கள். ஆச்சி அதையும் தொட்டு ஏற்றார். பின்னால் இரண்டு தடவை பார்த்தார், சிக்னல் போட்டார், காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேட்டில் நாங்கள் மூவர் நின்றோம். நாகூர் மீரானுக்கு அவமானமா சிரிப்பா என்று தெரியவில்லை, கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கையில் இருந்த உறையை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். அது பாதிதான் நுழைந்தது.

“என்ன தம்பி பாக்குறீங்க?”

“ஓட்டுனவங்களுக்கு நட்சத்திரம் போடச் சொல்லுதுண்ணே.”

அண்ணன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து குனிந்தார். “எப்படி ஓட்டுனா?”

“நல்லா ஓட்டுனாங்கண்ணே. ஒரு குலுக்கல் இல்ல.”

“அப்ப அஞ்சும் போட்டுருங்க. மொத சவாரி. ஒண்ணு கொறஞ்சாலும் அவ மனசு தாங்காது.”

நாகூர் மீரான் ஐந்தையும் தொட்டு முடிக்கும் வரை, அண்ணன் அந்தத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.